பெயர் உதிர்ந்தது, பெருமை நிலைத்தது!

தோழனே!

கப்பல் ஒன்றைக் காட்டுகிறேன், வா! கடற்கரைவரை நடக்க வேண்டாம். கணினித் திரை முன் அமர்ந்தால் போதும்.

கப்பலைக் கணினிக்குள் கட்டும் கலை இன்று வளர்ந்து நிற்கிறது. லேசர் கதிரைக் கப்பலின் மேனியெங்கும் பாய்ச்சி அளவெடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கோணங்களில் படம்பிடித்து இணைக்கிறார்கள். கட்டிய நாளின் வரைபடங்களைத் தேடி எடுத்து ஒப்பிடுகிறார்கள். பீரங்கியும், புகைபோக்கியும், ஏணியும், ஆணியும் ஒன்றுவிடாமல் திரையிலே எழுகின்றன. இரும்பைத் துரு தின்னலாம்; புயல் சிதைக்கலாம். திரையிலே எழுந்த உருவத்தை அவை தீண்டமுடியாது. நல்ல பணி, நாம் வாழ்த்தவேண்டிய பணி!

ஆனால் ஒரு கேள்வி. இரும்பை அளக்கும் கருவி, இரும்பின்மீது எழுதிய பெயரின் நியாயத்தை அளக்குமா?

ஏன் இதைக் கேட்கிறேன் என்பாய். அமெரிக்காவிலே, பால்டிமோர் நகரத் துறைமுகத்திலே, கடலோரக் காவல் படையின் பழங்கப்பல் ஒன்று அருங்காட்சியகமாக மிதக்கிறது. நீளம் 327 அடி. 1936ஆம் ஆண்டு பணியேற்றது. 1941 டிசம்பர் 7ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது, அருகிலுள்ள ஹோனலூலூ துறைமுகத்திலிருந்து விமானங்களை நோக்கிச் சுட்ட கப்பல் அது. அன்று போரிட்ட கப்பல்களில் இன்றும் நீரில் மிதப்பது அது ஒன்றே! 1945இல் ஒக்கினாவா போரையும் கண்டது. பிறகு நடுக்கடலிலே நின்று வானிலை பார்த்துச் சொன்னது. சரியாக 45 ஆண்டுகள் கழித்து, 1986 டிசம்பர் 7ஆம் நாள் ஓய்வு பெற்றது.

வீரம் செறிந்த வரலாறு! அந்த வீரத்தின் நெற்றியிலே எழுதப்பட்டிருந்த பெயர் என்ன தெரியுமா? டானி!

அந்நாளில் கடலோரக் காவல் படை நிதித்துறையின்கீழ் இருந்தது. ஆகவே ஒரே வகையாகக் கட்டிய ஏழு கப்பல்களுக்கும் முன்னாள் நிதியமைச்சர்களின் பெயரைச் சூட்டினர். அவருள் ஒருவர் ரோஜர் டானி. நிதியமைச்சராக இருந்தது ஓராண்டுகூட இல்லை. அதற்கும் செனட் சபை ஒப்புதல் தர மறுத்தது. பின்னாளில் அவரே உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதி!

அந்த நீதிபதியின் முன்னே வந்தான் டிரெட் ஸ்காட் என்னும் அடிமை. அடிமைமுறை இல்லாத மண்ணிலே வாழ்ந்தவன் நான், எனக்கும் என் குடும்பத்துக்கும் விடுதலை தாருங்கள் என்று 1846இல் வழக்குத் தொடுத்தவன். பதினொரு ஆண்டுகள் காத்திருந்தான். 1857 மார்ச் 6ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அடிமையாயினும் சரி, விடுதலை பெற்றவராயினும் சரி, கறுப்பர் இந்நாட்டின் குடிமகன் ஆகமுடியாது. வழக்குத் தொடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை என்றார் டானி. ஒன்பது நீதிபதிகளில் எழுவர் டிரெட் ஸ்காட்டுக்கு எதிராக நின்றனர். நீதிமன்றத்திலே நீதி தோற்ற நாள் அது! உள்நாட்டுப் போரில் குருதி ஆறாய் ஓடியபிறகே, 1868இல், அரசியல் சட்டத் திருத்தம் அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறிந்தது.

2020ஆம் ஆண்டு அந்தப் பெயரைக் கப்பலிலிருந்து அகற்றினர். இன்று 37 என்ற எண்ணே அதற்குப் பெயர்.

"வரலாற்றை அழிக்கிறார்களே!" என்று கூவுவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: விமானத்தைச் சுட்டது பெயரா, மாலுமியா? 1941இல் நெஞ்சு நிமிர்த்தி நின்றவனின் தீரம், 1864இலேயே மறைந்துவிட்ட நீதிபதியின் சொத்தா? பெயர் போனது, பீரங்கி போகவில்லை, தழும்பு போகவில்லை, மாலுமியின் புகழ் போகவில்லை. வரலாறு என்பது நினைவு. பெயர் சூட்டல் என்பது மரியாதை. நினைவில் வைக்கவேண்டியவரையெல்லாம் நெற்றியில் வைக்கவேண்டியதில்லை!

இன்னொன்றும் கேள். அதே பால்டிமோரின் கப்பல் பட்டறைகளிலே, பலகை இடுக்குகளை அடைத்து வேலைசெய்த அடிமை இளைஞன் ஒருவன் இருந்தான். கூலியை எசமானனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன். 1838இல் தப்பியோடி, அடிமைமுறையின் அடித்தளத்தையே தன் நாவால் ஆட்டிவைத்தான். அவன்தான் பிரெடரிக் டக்ளஸ்! இந்தக் கப்பல் கடலிலே உலவிய காலத்திலே, 1939இல், அதே காவல் படையில் சேர்ந்த கறுப்பு இளைஞன் அலெக்ஸ் ஹேலிக்குக் கிடைத்தது உணவுக்கூடப் பணியாள் வேலை. அவனே எழுத்தாளனாகி 'வேர்கள்' நூலைத் தந்தான். 1999இல் அதே படை ஒரு கப்பலுக்கு அவன் பெயரைச் சூட்டியது. பரிமாற நிறுத்தியவனின் பெயர் இன்று கப்பலின் நெற்றியிலே!

சரி, நாளை இந்த 37ஆம் எண் கப்பலைத் திரையிலே கட்டுபவன் எந்தப் பெயரை எழுதுவது? பழம்பெயரை எழுதி வாளாவிருந்தால் அநீதிக்கு மறுபடியும் முடிசூட்டியதாகும். சுவடே தெரியாமல் மறைத்தால் அநீதிக்குத் திரைபோட்டதாகும். இரும்பினால் இயலாதது திரைக்கு இயலும். ஒரே கப்பலைப் பல ஆண்டுகளில் காட்டலாம். 1941 என்றால் அந்தப் பெயர் தெரியட்டும். 2020 என்றால் அது உதிரட்டும். ஏன் உதிர்ந்தது என்று கேட்டால் டிரெட் ஸ்காட் எழுந்து விடைசொல்லட்டும்! ஆணிகளை எண்ணிய கை, அடிமைகளின் கண்ணீரையும் எண்ணட்டும்!

பிறப்பைக் காட்டி மனிதனைப் பிரிக்கும் தீர்ப்பு எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் அதைச் சுடுசொல்லால் சாடும் நாம், ஒன்றை நெஞ்சில் பதிப்போம். கப்பலாயினும், தெருவாயினும், கட்டடமாயினும், பெயர் சூட்டுமுன் கேள்: இவர் யாரை உயர்த்தினார்? யாரை மிதித்தார்?

கேட்கத் தயங்காதே, தோழனே! நாம் கேட்கத் தவறினால், நம் பிள்ளைகள் நம்மைக் கேட்பார்கள்!