ஆசைக்குப் பஞ்சமில்லை

"நம்ம பசங்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை. விஞ்ஞானம், தொழில்நுட்பம் எல்லாம் வெள்ளைக்காரன் பிள்ளைகளுக்குச் சரிப்படும்." கடைத்தெருவிலும் கல்யாணப் பந்தியிலும் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சொல்பவர்கள் சமுதாயத்தின் எதிரிகள் அல்லர், நம்மவர்களேதான் சொல்கிறார்கள். அதனால்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நார்வே நாட்டின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்வைன் ஷோபெர்க், கமிலா ஷ்ரைனர் ஆகிய ஆய்வாளர்கள் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு பெரிய ஆய்வை வழிநடத்தினார்கள். ரோஸ் என்பது அதன் பெயர். சுமார் 40 நாடுகளில் 15 வயது மாணவ மாணவியரிடம் ஒரே மாதிரியான கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. மதிப்பெண் போடும் பரீட்சை அல்ல அது. உனக்கு எதைப் படிக்கப் பிடிக்கும், விஞ்ஞானி ஆக விருப்பமா, தொழில்நுட்ப வேலை வேண்டுமா, பள்ளியில் நடத்தும் அறிவியல் பாடம் எப்படியிருக்கிறது என்றே கேட்டார்கள். ஐரோப்பிய நாடுகளும் ஜப்பானும் அதில் இருந்தன. நம் நாட்டில் குஜராத்திலும் மும்பையிலும் நடந்தது. பங்களாதேஷ், மலேசியா, கானா, உகாண்டா மாணவர்களும் பதில் எழுதினார்கள்.

முடிவு என்ன தெரியுமா? விஞ்ஞானி ஆக வேண்டும் என்று துடித்தவர்கள் உகாண்டா, கானா, பங்களாதேஷ் போன்ற ஏழை நாட்டுப் பிள்ளைகள். நார்வே, சுவீடன், டென்மார்க், இங்கிலாந்து, ஜப்பான் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு நாட்டின் வளர்ச்சி எந்த அளவுக்கு உயர்கிறதோ அந்த அளவுக்கு அங்குள்ள இளைஞர்களின் அறிவியல் ஆர்வம் இறங்குகிறது. பணக்கார நாடுகளின் மாணவியர்தான் விஞ்ஞானி வேலையை அதிகம் வேண்டாம் என்றவர்கள். அறிவியல் சமுதாயத்துக்கு அவசியமா என்று கேட்டால் அவர்களும் ஆமாம் என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்த வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் எண்ணம்! ஜப்பானைப் பாருங்கள். உலக அளவிலான அறிவியல் தேர்வுகளில் முன்வரிசையில் நிற்கும் நாடு. பாடத்தின் மீது பிரியம் இருக்கிறதா என்றால் கடைசி வரிசை.

அப்படியானால் நாட்டமில்லாதவர்கள் யார்?

இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஏழை நாட்டில் பள்ளிக்கூடம் போவதே ஒரு பாக்கியம். கிடைக்காத பொருளின் மீது ஆசை கூடுதலாக இருக்கும் என்பது வியாபாரிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆசை மட்டும் ஒருவனை விஞ்ஞானியாக்காது. ஆய்வுக்கூடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், கட்டணம் கட்டப் பணம் வேண்டும். சரக்கு கேட்டு வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார், கடையில் சரக்கு இல்லை. நம் நிலைமை இதுதான். சச்சார் குழு 2006இல் கொடுத்த அறிக்கையில், 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது பாதியில் நின்றவர் என்று எழுதப்பட்டது. நாட்டமில்லாமலா நின்றார்கள்?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் பெரிய தவறு செய்கிறோம். 1983இல் டேவிட் சேம்பர்ஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வில், 4807 குழந்தைகளிடம் ஒரு விஞ்ஞானியின் படம் வரையச் சொன்னார்கள். பெரும்பாலும் கனடா, அமெரிக்கக் குழந்தைகள். அத்தனை பேரில் பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர்; அந்த 28 பேரும் சிறுமிகள். முன்னேறிய மேற்கின் லட்சணம் இது. மறுபக்கம் அல்ஜீரியாவில் பொறியியல் பட்டம் பெறுபவர்களில் 48.5 சதவீதம் பெண்கள் என்று யுனெஸ்கோவின் 2021ஆம் ஆண்டு அறிவியல் அறிக்கை சொல்கிறது. துனீசியா, மொராக்கோ, ஓமன் ஆகிய நாடுகளிலும் 40ஐத் தாண்டுகிறது. உலக சராசரி 28தான். 2015இல் நடந்த பீசா தேர்வில் ஜோர்டான், கத்தார், அமீரகம் ஆகிய நாடுகளின் மாணவியர் அறிவியலில் மாணவர்களைத் தெளிவாக முந்தினார்கள். முஸ்லிம் பெண்ணுக்கும் பொறியியலுக்கும் ஆகாது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும். பட்டம் பெற்ற பிறகு இப்பெண்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது என்பது வேறு கதை. அது அந்த அரசுகள் வெட்கப்பட வேண்டிய கதை.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். அப்துல் கலாம் அவர்களின் பெயரை மேடைதோறும் சொல்கிறோம். ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன் அவர். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்ட வேண்டிய தொகை சுமார் ஆயிரம் ரூபாய். தகப்பனாரிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தப் பையனிடம் ஆசை ஏற்கனவே இருந்தது. குறைந்தது ஆயிரம் ரூபாய். ஒரு பெண்ணின் நகைதான் முன்வந்தது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

வணிகப் பெருமக்களே! பத்தாவது முடித்த மகனைக் கல்லாவில் உட்கார வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவன் என்ன படிக்க விரும்புகிறான் என்று அதற்கு முன்னால் ஒருமுறை கேட்டீர்களா? இளைஞர்களே! கேட்காவிட்டாலும் நீங்களே வாய் திறந்து சொன்னீர்களா? நம் அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்களில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லுக்கும் நுழைவு வளைவுக்கும் பணம் ஒதுக்கும் கூட்டத்தில், ஆய்வுக்கூடத்தில் எத்தனை மைக்ரோஸ்கோப் இருக்கிறது, போன மாதம் அந்த அறை எத்தனை நாள் திறந்திருந்தது, பெண்கள் பிரிவில் பிளஸ் டூ அறிவியல் குரூப் உண்டா என்று எழுந்து கேளுங்கள். பதிலை நமக்கு எழுதியனுப்புங்கள். நல்ல பதிலோ கெட்ட பதிலோ, பள்ளியின் பெயரைச் சொல்லாமல் வெளியிடுகிறோம்.