டவர் இல்லாத ஊருக்கு ஆப் எதுக்கு?



வீடியோ காலில் டாக்டரைப் பார்க்கும் இ-சஞ்சீவனி திட்டத்தில் 10 கோடி ஆலோசனைகள் முடிந்ததாக 2023 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தம்பட்டம் அடித்தது. பிரதமரும் 'மன் கி பாத்'தில் பெருமையா பேசினார். சந்தோஷம். அந்த 10 கோடியில் எங்க இஞ்சிக்குழி எங்க இருக்கு?

பாபநாசத்துக்கு மேல, காரையார் அணையைப் படகுல கடந்து, அப்புறம் காட்டுக்குள்ள நடந்து போனா இஞ்சிக்குழி. காணி மக்களோட ஊர். காய்ச்சலோ பிரசவ வலியோ, அதே வழியிலதான் இறங்கணும். பெரிய ஆஸ்பத்திரின்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுதான். வீடியோ கால் டாக்டர் முதல்ல யாருக்கு வேணும்? இவங்களுக்குத்தானே! ஆனா கொரோனா காலத்துல ஆன்லைன் கிளாஸுக்கே காணிப் பிள்ளைங்க சிக்னல் இல்லாம தவிச்சாங்க.

காசு இல்லையா? இருக்கு! செல்போன் கம்பெனிகளோட வருமானத்துல 5 சதவீதம் கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு தரத்தான் தனி நிதியா போகுது. நம்ம ரீசார்ஜ் காசு! முன்னாடி அதுக்குப் பேர் யு.எஸ்.ஓ. நிதி, இப்போ 'டிஜிட்டல் பாரத் நிதி'. பேரை மாத்தத் தெரியுது, டவர் வைக்கத் தெரியலையா?

"மலை, காடு, கேபிள் போட முடியாது"ம்பாங்க. தேனியைப் பாருங்க. அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தோட சேர்ந்து, 20 வருஷத்துக்கு முன்னாலயே நெடுந்தூர வைஃபை ஆண்டெனா வச்சு கிராமத்துக் கண் மையங்களை டாக்டரோட இணைச்சது. மையத்துல பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார், டாக்டர் தேனியில இருந்தே பேசுவார். குன்று மறைச்சா உச்சியில ஒரு ரிலே, ஒரு சோலார் பேனல். இன்ஜினியரிங் படிச்ச எவரைக் கேட்டாலும் சொல்வாங்க, இது ராக்கெட் விடுற வேலை இல்ல.

மலைக்கு மட்டுமா இந்தக் கதி? 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணிக் கரை ஊர்களே போன் இல்லாம துண்டாகிக் கிடந்ததை மறக்க முடியுமா?

நம் கோரிக்கைகள்:

1. சிக்னல் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி தர 2022 ஜூலையில் ரூ.26,316 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தீங்களே, அதுல நெல்லை மாவட்ட மலை ஊர்கள் எத்தனை? பட்டியலை வெளியிடு!

2. காணி குடியிருப்புகளுக்கு ரிலேயும் சோலாரும் கொடு! ஆற்றங்கரை டவர்களுக்கு வெள்ளத்துல நனையாத பேட்டரி வை!

3. மாநில அரசும் தப்பிக்க முடியாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' காரையாரைத் தாண்டட்டும். காணிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிரஷர், சுகர் பார்க்கும் கருவியோட சம்பள வேலையில அமர்த்து!

லைனும் ஆளும் இல்லாத ஆப், மருந்து இல்லாத டப்பா. சிக்னல் இருக்கிற நாம பகிர்ந்தாதான் சிக்னல் இல்லாதவங்க குரல் கேட்கும். பகிருங்க!

#டவர்_எங்கே #இஞ்சிக்குழிக்கு_டாக்டர்