கட்கி நிலையத்தைக் கடந்தபோது



மழை ஓய்ந்து, அக்டோபர் வெயில் மும்பையைச் சுடத் தொடங்கும் வேளையில் பிள்ளைகளுக்குத் தீபாவளி விடுமுறை வந்துவிடுகிறது. சொந்த ஊருக்குப் போகலாம் என்றால் போகவும் வரவும் ரயிலிலேயே மூன்று நாட்களுக்கு மேல் கழிந்துவிடும். ஆகவே தாங்களும் எங்களைப் போலவே, பக்கத்து நகரங்களில் குடியேறியிருக்கும் உறவினரையும் நண்பரையும் கண்டு, அப்படியே பிள்ளைகளுக்கு நாலு இடங்களைக் காட்டிவரப் புறப்படுகிறவராக இருக்கலாம். சென்ற அக்டோபரில் நாங்கள் நால்வரும் புனேக்குச் சென்று வந்ததை இம்மாதம் தங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மும்பையிலிருந்து புனே ரயில் வழியில் 192 கிலோமீட்டர். இந்தப் பயணத்தின் அழகெல்லாம் கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையில்தான் இருக்கிறது. கர்ஜத்தில் வண்டியின் பின்புறம் கூடுதல் எஞ்சின்களைச் சேர்க்கிறார்கள். அவை பின்னிருந்து தள்ள, வண்டி போர்காட் மலையில் ஏறுகிறது. 1863-இல் திறக்கப்பட்ட பாதை இது. 37 அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவு. இந்தப் பாதையை அமைக்கையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். குகைப்பாதை வரும்போதெல்லாம் கூச்சலிடும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்தார்கள். அடுத்த குகையில் மறுபடியும் கூச்சல்தான். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் மலைச்சரிவுகள் இன்னும் பச்சையாயிருக்கும். ஓடைகளிலும் நீர் மிச்சமிருக்கும். டிசம்பரில் போகிறவர்களுக்கு இது கிட்டாது.

புனேயை நெருங்குகையில் பிம்ப்ரி, காசர்வாடி, தாபோடி என்று நிலையங்கள் ஒவ்வொன்றாய்க் கடந்து போயின. அடுத்து கட்கி. எங்கள் வண்டி அங்கே நிற்பதில்லை. பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் என் மகள், “அப்பா, பெரியப்பா வீடு இங்கேதானே இருக்கிறது?” என்றாள். நான் மேலே இருந்த பையை எடுத்துக் கீழே வைக்கத் தொடங்கினேன். புனே வர இன்னும் நேரம் இருந்தது.

பெரியப்பா என்று அவள் சொன்னது என் உடன்பிறந்த அண்ணனை. கட்கியில் 1869-இல் தொடங்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் இராணுவத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் நம்பி வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எனக்கு மும்பையில் முதல் வேலை தேடித் தந்தவரும் அவரே. எங்கள் தகப்பனார் மறைந்த பின் ஊரில் இருந்த வீட்டை விற்றோம். அந்தப் பணத்தைப் பங்கிட்டதில் எங்களுக்குள் வார்த்தை முற்றியது. ஒன்பது ஆண்டுகளாகப் போக்குவரத்து இல்லை. யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுதப் போவதில்லை. என் பக்கமே நியாயம் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவரும் அப்படியே எண்ணியிருப்பார்.

நாங்கள் தங்கியது ராஸ்தா பேட்டையில், தாராவியில் என்னுடன் ஒரே வரிசையில் குடியிருந்த பழைய நண்பரின் வீட்டில். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு. அவர்கள் ஐந்து பேர், நாங்கள் நால்வர். வாசகரே, நகரத்து வீட்டில் விருந்தாளியாகத் தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குச் செல்கிறவர்கள் குளித்த பிறகு நீங்கள் குளியுங்கள். காலை உணவு முடிந்ததும் வெளியே கிளம்பி மாலையில் திரும்புங்கள். அந்த வீட்டுச் சகோதரிக்குப் பகலில் இரண்டு மணி நேரமாவது கால் நீட்ட இடம் வேண்டும். பெட்டி நிறைய இனிப்பு வாங்கிச் செல்வதைக் காட்டிலும் அன்றைய காய்கறிப் பையை நிரப்பிக் கொடுப்பது அவர்களுக்கு உதவும்.

அவ்வாறே நாங்கள் காலையில் கிளம்பிவிடுவோம். செவ்வாயன்று சனிவார்வாடாவையும் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். முன்னதில் பெரிய வாயிலும் சுற்றுமதிலும் நிற்கின்றன. உள்ளிருந்த மாளிகை 1828-இல் எரிந்துபோனது. பின்னதில்தான் நாங்கள் நேரம் போனது தெரியாமல் நின்றோம். விளக்குகள், பூட்டுகள், பாக்குவெட்டிகள், இசைக்கருவிகள், செதுக்கிய கதவுகள் என எல்லாமே வீடுகளில் மக்கள் புழங்கிய பொருட்கள். தினகர் கேல்கர் என்ற ஒரே மனிதர் ஊர் ஊராய் அலைந்து சேர்த்தவை. சிறு வயதில் இறந்துபோன தம் மகன் ராஜாவின் பெயரை இதற்கு இட்டார். பாக்குவெட்டிகளைப் பார்த்த என் மனைவி, “உங்கள் அம்மாவிடம் இருந்தது போலவே இருக்கிறது, அது இப்போது யாரிடம் இருக்கிறது?” என்றாள். அது அண்ணன் வீட்டில் இருக்கிறது.

புதன்கிழமை கேட்காவுன் சென்றோம். புனேயிலிருந்து தவுண்ட் செல்லும் பாதையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பண்டித ரமாபாய் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அடைக்கலமாக அமைத்த முக்தி மிஷன் அங்கே இருக்கிறது. பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த அவர், பின்னாளில் பஞ்சத்தில் தவித்த நூற்றுக்கணக்கான பெண்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். எபிரெயமும் கிரேக்கமும் கற்று வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். அங்கிருந்த பெண்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். 1905-இல் அங்கு உண்டான எழுப்புதலைப் பற்றி நம் சபைகளில் கேட்டிருப்பீர்கள். ஆனால் அச்சுக்கூடத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? போக விரும்புகிறவர்கள் முன்னரே தெரிவித்துவிட்டுச் செல்வது நல்லது. அது பெண்கள் வாழும் இல்லம்; காட்சிசாலை அன்று.

வியாழனன்று ஆகாகான் மாளிகை. 1892-இல் பஞ்ச காலத்து மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கட்டப்பட்டது என்பர். 1942 ஆகஸ்டில் காந்தியடிகளை இங்கேதான் சிறை வைத்தனர். வந்த ஒரு வாரத்திற்குள், ஆகஸ்ட் 15 அன்று, அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாய் இறந்தார். 1944 பிப்ரவரி 22 அன்று கஸ்தூரிபாயும் இங்கேயே காலமானார். இருவர் சமாதிகளும் தோட்டத்தில் உள்ளன. அங்கே நிழலில் அமர்ந்திருந்தபோது நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னார். கட்கியில் இருக்கும் என் அண்ணனுக்குச் சென்ற ஆண்டு இருதய அறுவை சிகிச்சை நடந்ததாம். நாங்கள் வந்திருப்பதை ஞாயிறன்றே, நாங்கள் கிளம்புமுன்பே, ஆராதனை முடிந்து வெளியே வருகையில் அவரிடம் சொல்லிவிட்டாராம். “உங்களிடம் மறைத்தது தவறுதான்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மூட்டை முடிச்சுகளோடு கட்கிக்குப் போனோம். கதவைத் திறந்தவர் மைனி. முகத்தில் வியப்பு இல்லை. “வாருங்கள்” என்று பைகளை வாங்கி உள்ளே வைத்தார். அண்ணன் மிகவும் மெலிந்திருந்தார். “ரயில் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். “மாலையில்” என்றேன். “சரி, உட்கார்” என்றார். இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள்தாம் பேசினார்கள், குகைகளின் எண்ணிக்கையில் அக்காளும் தம்பியும் சண்டையிட, பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

சமையலறையில் மைனி என் மனைவியிடம் சொன்னதை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். செவ்வாயன்று வருவோம் என்று நெய்மீன் வாங்கிக் குழம்பு வைத்தாராம். புதனன்றும் வாங்கினாராம். வியாழனன்று அண்ணன், “வேண்டாம், வரமாட்டார்கள்” என்று சொல்லிவிட்டாராம். அதனால்தான் அன்று எங்களுக்கு முட்டைக் குழம்பு. மைனி அதற்காகத் திரும்பத் திரும்ப வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுப் பணத்தைப் பற்றி அண்ணனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாலையில், வேண்டாம் என்று தடுத்தும், நிலையம் வரை நடந்து வந்தார். கட்கியில் உள்ளூர் வண்டிகள் நிற்கும். லோனாவாலா சென்று அங்கிருந்து மும்பை வண்டியைப் பிடிப்பதாக ஏற்பாடு. நடைமேடையில் நிற்கையில் அண்ணன், “கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறீர்களா?” என்றார். “போகலாம் என்றிருக்கிறோம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்தானே திறக்கிறது, வருகிற வாரம் எடுக்க வேண்டும்” என்றேன்.

வண்டி வந்துவிட்டது. மகன் தாவி ஏறி இடம் பிடித்தான். அண்ணன் ஜன்னலருகே வந்து, “எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எடு. எனக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும்” என்றார்.

ஒரே டிக்கெட்டில் ஆறு பேருக்குத்தான் பதிவு செய்யலாம். நாங்கள் சரியாக ஆறு பேர் இருந்தோம்.