அதை விற்றால் என்ன கிடைக்கும்?

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒரே ஆளால் மூன்றையும் ஓட்ட முடியாது. அதனால் ஒரு பக்கக் கரைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி; ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளை. எங்கள் பிள்ளையார்பாளையம் வீட்டில் அது அம்மா. முப்பது வருஷம் கரை நாடா போட்டவளிடம் என்ன வேலை என்று கேட்டால், "அவருதான் நெய்யறாரு, நான் சும்மா கூட இருக்கேன்" என்பாள்.

அந்தச் 'சும்மா'வுக்குள் என்னென்ன இருந்தன! ராட்டையில் தார் சுற்றுவது, விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்கும்போது ஓடுவது, பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை அதனோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பது. 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். கூலி பற்றியும், கூட்டுறவுச் சங்க அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்பது பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம், இன்னும் பேச வேண்டும். நான் இங்கே கேட்பது வேறு. நெய்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அது யார் பங்குக்குப் போயிற்று?

எனக்கு அது தெரிந்ததே தறியில் இல்லை. கல்லூரியில் ஒரு நாள் பயிற்சியில், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஆணிச் சட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். இந்த மாதிரி நான்கு அங்குலச் சட்டங்கள் 1930களிலேயே அமெரிக்காவில் வீட்டுப் பெண்களுக்காக விற்பனைக்கு வந்துவிட்டன. நெசவாளி மகளான நான் முதல் துணியை நெய்தது அதில்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் தம்பியின் உடைந்த சிலேட்டிலிருந்து மரச்சட்டத்தைக் கழற்றி, மேலும் கீழும் ஆணி அடித்துவைத்திருந்தாள்.

நூலுக்குக் கடைக்குப் போனோம். பட்டு வீடு முழுக்கக் கிடந்தது, ஆனால் பட்டும் சரிகையும் எடை போட்டு வரும், புடவையாகி எடை போட்டுத்தான் திரும்பும். வாழ்நாளெல்லாம் பட்டைத் தொட்டவளுக்கு அதில் ஒரு முழம் சொந்தமில்லை. ஆகவே ஃபேன்ஸி ஸ்டோரில் உல்லன் நூல். அரக்கு, மயில்கழுத்து, எம்.எஸ். புளூ என்று நிறங்களையெல்லாம் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவள், அலமாரி முன்னால் அரைமணி நேரம் நின்றாள். எந்தக் கலர்மா வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. இன்று காஞ்சியில் பல பெண்கள் தறியிலேயே உட்கார்ந்து நெய்கிறார்கள். அவர்களுக்கும் நிறமும் டிசைனும் கொடுப்பவர் சொன்னபடிதான்.

ஆரஞ்சையும் கத்தரிப்பூ நிறத்தையும் வாங்கினாள். மடியில் சட்டம், கையில் கோணி ஊசி. ஒரு இழைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. நூலை இறுக்கினால் ஓரம் உள்ளே இழுக்கும், தளர்த்தினால் புடைக்கும். விரலுக்கே அது தெரியவேண்டும், அவள் விரலுக்குத் தெரிந்தது. பழைய சீப்பால் வரிசையைத் தட்டி அமுக்குவாள். வெளியே எடுத்ததும் அந்தச் சதுரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பாவு கட்டியதிலிருந்து முடிச்சுப் போட்டது வரை ஒருத்தியே செய்த துணி.

சித்தப்பா வந்தார். "அதை வித்தா என்ன கெடைக்கும், அண்ணி?" அவர் தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரம் கேரம் ஆடுகிறவர். அதை விற்றால் என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

சித்தப்பாவை விடுங்கள். சுய உதவிக் குழுக்களில் வேலை செய்யும் தோழி ஒருத்தியும் அதையேதான் கேட்டாள், அன்பாக. டீ கோப்பைக்கு அடியில் வைக்கிற மேட்டாக விற்கலாமாம், பத்துப் பெண்களைச் சேர்த்தால் ஆர்டர் பிடிக்கலாமாம். அதாவது இந்த அரைமணி நேரத்துக்கும் அளவு, கெடு, தரக் கட்டுப்பாடு. ஏழைப் பெண் கையில் எதைப் பார்த்தாலும் அதில் வருமானத்தைத் தேடும் இந்தப் பழக்கத்தை நாம் முன்னேற்றம் என்று அழைக்கிறோம். பெண்ணியவாதிகளான நாமும்தான். இன்னொரு தோழர், இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றார். சரிதான். அப்படியானால் நூலோடு ஆயுளைக் கழித்தவள் அந்த வரிசையில் ஏன் கடைசியில் நிற்க வேண்டும்? கூலி உயர்ந்த பிறகு, கடன் தீர்ந்த பிறகு, மகள் கல்யாணம் முடிந்த பிறகு என்று எத்தனை பிறகுகள்!

13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரம், புத்தகத்துக்கு நூல் என்ற பெயர் வந்த காரணத்தைச் சொல்லும்போது புலவனையே நூற்கும் பெண்ணாக்குகிறது. சொல் பஞ்சு, அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவள் கதிர். உவமைக்கு அவளைக் கூப்பிட்டவர்கள், உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்காமலேயே அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் ஊருக்குப் போனபோது அம்மா ஒரு சதுரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி நெய்து முடித்தது. தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. புடவையில் இப்படிப் பிரித்தால் ஒரு நாள் கூலி போகும். "ஏம்மா?" என்றேன்.

"பச்சை எனக்குப் பிடிக்கல" என்றாள்.