முதல் லோடு யார் தருவார்?



தியானப் பக்கத்தில் லாரியைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் அக்காள்மடத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஜெபிக்கும்படி கேட்டு வரும் தாய்மாரின் விண்ணப்பங்களில் இப்போது இது அடிக்கடி வருகிறது: "ஐயா, பையன் ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டான். வண்டிதான் ஒருத்தரும் குடுக்க மாட்டேங்குறாங்க." பயிற்சிக் கட்டணத்துக்காக அடகுக் கடைக்குப் போன நகை இன்னும் அங்கேயே இருக்கிறது. பையனோ காலையில் நெடுஞ்சாலை ஓரம் போய் நின்று, மாலையில் திரும்புகிறான்.

திராட்சத்தோட்டத்து உவமையை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். பதினோராம் மணி வேளையில் கடைத்தெருவில் நின்றவர்களைப் பார்த்து, நாள் முழுவதும் ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று வீட்டெஜமான் கேட்கிறான். எங்களை அழைப்பார் இல்லை என்பதுதான் அவர்கள் தந்த விடை. பிரசங்கங்களில் நாம் உடனே கூலிக்குப் போய்விடுகிறோம். எல்லாருக்கும் ஒரே பணம் ஏன் என்று விளக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்த விடையில் சற்று நிற்பதில்லை. அவர்களுக்குக் கைகள் இருந்தன, மனமும் இருந்தது, விடியற்காலம் முதல் அங்கேதான் நின்றார்கள். அழைப்பு மட்டும் வரவில்லை. நம் ஊரில் உரிமம் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று திண்ணையில் அமர்ந்து சொல்பவர்கள் அந்த விடையை ஒருமுறை வாசிப்பது நலம்.

உரிமம் பெறுவது எளிய காரியமன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதில் இலகுரக வாகன உரிமம் பெறலாம். சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் கேட்பதற்கு முன் ஓராண்டாவது இலகுரக உரிமம் கையில் இருந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியை 2019-இல் மத்திய அரசு நீக்கியது. பள்ளியைப் பாதியில் விட்டுப் படகேறிய நம் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு வாசல் திறந்தது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கென 2021-இல் வகுக்கப்பட்ட பாடத்திட்டம், கனரக வாகனத்துக்கு 6 வாரங்களில் 38 மணி நேரப் பயிற்சி என்கிறது.

ஆனால் பயிற்சிப் பள்ளியின் வண்டி பெரும்பாலும் வெறும் வண்டி. பாரம் ஏறியதும் அதே வண்டியின் குணம் மாறிவிடுகிறது. பிரேக்கை மிதித்த பின்னும் அது ஓடிக்கொண்டிருக்கும். வளைவில் பாரம் ஒருபுறம் சாயும். இறக்கத்தில் கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்பினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் நள்ளிரவில் மீன் லோடுடன் இறங்குவதற்கும், மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டுவதற்கும் உள்ள தூரத்தை எந்த உரிம அட்டையும் கடந்துவிடாது. உரிமம் என்பது சாலையில் ஏற அரசு தரும் அனுமதி. தன் வண்டியில் ஏறும் அனுமதியை முதலாளி வேறு அளவுகோலால் தருகிறார்.

முதலாளியின் பக்கமும் நியாயம் உண்டு. பல லட்ச ரூபாய்க் கடனில் வாங்கிய வண்டி. மாதத் தவணை தவறினால் நிதி நிறுவனம் காத்திராது. மீன் லோடு என்றால் இன்னும் கடினம். ஐஸ் உருகுவதற்குள், விடியலில் ஏலம் தொடங்குவதற்குள் கேரளத்துச் சந்தையில் வண்டி நிற்க வேண்டும். தாமதமானால் அன்றைய மீனின் விலையே விழுந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை முன்பின் அறியாத 21 வயதுப் பையனிடம் ஒப்படைக்கத் தயங்குபவரைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன்.

முற்காலத்தில் இந்தத் தயக்கத்துக்கு ஒரு மருந்து இருந்தது. கிளீனர் என்ற ஒருவர் லாரியின் இடப்பக்க இருக்கையில் இருந்தார். டயரைத் தட்டிப் பார்த்து ஓசையால் காற்றை அறிவதும், தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டுவதும், வண்டி பின்னோக்கி வரும்போது பக்கவாட்டைத் தட்டிக் குரல் கொடுப்பதுமாகச் சில ஆண்டுகள் கழியும். ஆளில்லாச் சாலையில் ஒருநாள் "கொஞ்ச தூரம் புடிச்சுக்கடா" என்று ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். அதில் சட்டமீறல் இருந்தது, அடி உதையும் இருந்தது, சிறுபிள்ளைகளைச் சுரண்டியதும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் தொழில் அங்கேதான் கைமாறியது. இன்று பெரும்பாலான வண்டிகளில் அந்த இருக்கை காலி. தேசிய அனுமதி பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-இல் தளர்ந்தது. வாடகை ஏறவில்லை, டீசல் ஏறிவிட்டது, ஒரு ஆளின் படி மிச்சம் என்பது கணக்கு.

இப்படிச் சிக்கனம் பார்த்தவர்களே இன்று ஓட்டுநர் பஞ்சம் என்று புலம்புகிறார்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இந்தப் புலம்பல் ஆண்டுதோறும் கேட்கிறது. விதைநெல்லைப் பொங்கித் தின்றுவிட்டு நாற்று எங்கே என்று கேட்பது போன்றது இது. அரசும் வேறாக நடந்துகொள்ளவில்லை. 2025-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டபோது, கனரக வாகனம் ஓட்டிய 18 மாத அனுபவத்தையும் கேட்டன. அந்த 18 மாதத்தை எங்கே போய்ப் பெறுவது என்பதே நம் பையனின் கேள்வி.

நம் தீவுக்கு மேலும் ஒரு குறை உண்டு. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை இங்கு வர ரயிலை விட்டால் தரைவழி கிடையாது. லாரித் தொழில் நமக்கு ஒரு தலைமுறைப் பழக்கமே. கொங்கு நாட்டுப் பையனுக்கு லாரி வைத்திருக்கும் மாமனோ சித்தப்பாவோ இருப்பார். முதல் லோடு உறவின் வழியே வந்துவிடும். நம் பையனின் மாமனிடம் இருப்பது வள்ளம். சிறையிலிருந்து திரும்பிய தகப்பன், இலங்கைக் கடற்படை பிடித்துவைத்த படகு, கடலுக்கு அனுப்ப மனமில்லாத தாய் என்று பல காரணங்களால் பிள்ளைகள் கரைத்தொழில் தேடுகிறார்கள். கரையிலோ அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

ஆள் இல்லாதவனைத் தேடி வருபவர்கள் யார் என்பதுதான் என் கவலை. முதலாவது, அனுபவச் சான்றிதழை விலைக்குத் தருபவர். ஓட்டாத வண்டியை ஓட்டியதாக எழுதி வாங்கும் தாள் பொய்ச்சாட்சி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதை நம்பி ஒருவர் பாரவண்டியைக் கொடுத்தால், அந்தப் பொய்க்கு எதிரே வருபவர் உயிரால் விலை கொடுக்க நேரிடும். இரண்டாவது, வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டும் வேலை என்று லட்சங்களைக் கேட்கும் இடைத்தரகர். பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது இந்திய அரசின் விதி. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே விசாரிக்காமல் வீட்டுப் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது நபரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அவர் வேலை தருகிறார், உடனே தருகிறார். அனுபவசாலிகள் எவரும் ஏறமாட்டாத வண்டியை அவர் புதியவனுக்கென்றே வைத்திருக்கிறார். எஃப்.சி. முடிந்திருக்கும், காப்பீடு புதுப்பித்திருக்காது, டயர் வழுக்கையாக இருக்கும், பாரம் அளவுக்கு மேல் இருக்கும். இரவு போய் மறுஇரவு திரும்பி, இறங்காமலே அடுத்த லோடு. அபராதம் வந்தால் "உன் படியில் கழித்துக்கொள்கிறேன்" என்பார். அளவுக்கு மீறிய பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஒரு பையனின் பல டிரிப் படி அதில் போய்விடும். உழைப்பு நேரம் நாளொன்றுக்கு எட்டு மணி என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. நம் நெடுஞ்சாலையில் அந்த எட்டு மணியைக் கண்டவர் அரிது.

பசித்திருப்பவனிடம் அந்த வேலையை மறுத்துவிடு என்று சொல்லப் போதகனுக்கு என்ன உரிமை என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொல்வது இவ்வளவே: ஏறுமுன் கேள். ஆர்.சி., காப்பீடு, எஃப்.சி., பெர்மிட் ஆகிய தாள்களைக் கையில் வாங்கிப் பார். அபராதமும் சுங்கமும் யார் கணக்கு என்று முதலிலேயே பேசு. தூக்கம் வந்தால் ஓரங்கட்டலாமா என்று கேள். இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரிப்பவரின் வண்டியில் ஏறாதே. தூங்கிய ஓட்டுநரின் வீட்டுக்கும், அவன் மோதியவரின் வீட்டுக்கும் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் நாங்கள், அதனால் சொல்கிறேன்.

நேர்வழி எது? சிறிய வண்டியில் தொடங்குவது இழிவன்று. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. குட்டியானையில் ஐஸும் தண்ணீர் கேனும் ஏற்றி ஓராண்டு ஓட்டியவனை ஊர் கவனிக்கிறது. அடுத்து, ஆக்டிங் டிரைவர் வேலை. கிறிஸ்துமஸ், பொங்கல், தீபாவளி நாட்களில் நிரந்தர ஓட்டுநர் வீட்டுக்குப் போவார். வண்டி நிற்க முடியாது. அந்த நான்கு நாளில் அடிபடாமல், கணக்குப் பிசகாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவனின் எண்ணை முதலாளி சேமித்து வைத்துக்கொள்வார்.

நம் பிள்ளைகள் தங்களிடம் இருப்பதை அறியாதிருக்கிறார்கள் என்பதும் என் எண்ணம். முடிச்சுப் போடப் படகில் கற்றவனுக்குத் தார்ப்பாய்க் கயிறு புதிதன்று. எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், எந்தப் பெட்டி அடியில், எது மேலே என்று அவனுக்குத் தெரியும். இரவுவேலை அவன் உடலுக்குப் பழக்கம். நாமக்கல்லிலிருந்து வந்த தேர்ந்த ஓட்டுநருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். ஆகவே தூரத்து லாரி புக்கிங் ஆபீஸ்களில் முன்பின் தெரியாதவனாய் நிற்பதைவிட, பாம்பன் கரையில் லோடு ஏறும் இடத்தில் நின்று, ஏற்றுவதற்குக் கைகொடுப்பவன் சீக்கிரம் அறியப்படுவான்.

(பெண்வீட்டாருக்கு ஒரு சொல்: லாரி ஓட்டுபவனுக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்கிறீர்கள். அவன் கொண்டுவரும் அரிசியை வேண்டாம் என்றதில்லை.)

இனி சபையின் பங்கு. பிலேமோனுக்குப் பவுல் எழுதிய சிறு நிருபத்தை நினைத்துப் பாருங்கள். ஒநேசிமுவை ஏற்றுக்கொள் என்று நல்ல வார்த்தை சொன்னதோடு அவர் நிற்கவில்லை. அவனால் உனக்கு நஷ்டம் உண்டாகியிருந்தால் அதை என் கணக்கில் வை என்று தம் கைப்படவே எழுதிக்கொடுத்தார். பரிந்துரை என்றால் அது. நாம் தருவதோ முத்திரை குத்திய வெறும் தாள். யார் வந்து கேட்டாலும் 'நன்னடத்தையுள்ளவர்' என்று எழுதித் தருகிறோம். அப்படிப்பட்ட தாளுக்கு முதலாளிகள் மதிப்புத் தராததில் வியப்பில்லை. குடிக்கிற பையனுக்கு நான் எழுதித் தரமாட்டேன். அவன் தாய் அழுதாலும் தரமாட்டேன். குடிக்காதவன், பொய் சொல்லாதவன், வண்டி கீறினால் மறைக்காமல் வந்து சொல்பவன் என்று நாம் அறிந்த பிள்ளைக்காகவோ, தாளோடு நில்லாமல் முதலாளியின் வீட்டுக்கே நடந்துபோய்ப் பேச வேண்டும். முதல் மாதங்களில் சிறு சேதம் வந்தால் அதில் ஒரு பங்கைச் சபையின் உதவி நிதியிலிருந்து ஏற்கலாமா என்று மூப்பர்கள் ஆலோசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சிலருக்கு இது பிடிக்காது. கல்யாண மண்டபத்து வண்ண விளக்குக்குச் செலவிட்டபோது எவரும் இத்தனை யோசிக்கவில்லை.

நம் சபையிலும் அண்டை ஊர்களிலும் வண்டி வைத்திருக்கும் சகோதரரே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில், உங்கள் வண்டிகளும் பெரும்பாலும் ஓய்வில். அந்நாட்களில் உரிமம் பெற்ற ஒரு பையனைப் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். கிரீஸ் வைக்கவும் ஏர் பிரேக்கைச் சோதிக்கவும், காலி வண்டியைப் பின்னோக்கி எடுக்கவும் பழகட்டும். படகுகள் மறுபடி கடலேறி முதல் மீன் கரைக்கு வரும் இரவில், உங்கள் பழைய ஓட்டுநரின் இடப்பக்க இருக்கையில் அவன் ஏறட்டும். மூன்று மாதத்துக்கு அரைப்படி கொடுங்கள், சும்மா ஏற்றிச்செல்லாதீர்கள். பழைய ஓட்டுநருக்கும் கற்றுத்தருவதற்கென ஏதேனும் கொடுங்கள், இல்லையேல் அவர் கற்றுத்தரமாட்டார். சமநிலச் சாலையில், பகலில், உரிமம் உள்ள அவன் கையில் முதலில் கொடுக்கட்டும். மலையும் இரவும் பிறகு.

இப்போதைக்கு என்னிடம் நான்கு பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. நான்கு பேரும் 20 வயதைக் கடந்தவர்கள், உரிமம் பெற்றவர்கள், நான் அறிந்தவர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவர்கள் வாசலருகே நிற்பார்கள். வண்டி உள்ளவர்கள் வீட்டுக்கு விரையாமல் சற்றுப் பேசிவிட்டுப் போங்கள்.