வளைவுக்கு முன்னே

சென்ற விடுமுறையில், நாமக்கல் நண்பரொருவரின் சிறிய எஸ்.யு.வி. வண்டியைக் கொல்லிமலைக்கு ஓட்டிச் சென்றோம். நான்கு மீற்றருக்குட்பட்ட நீளம், 1.2 லீற்றர் டேர்போ பெற்றோல் இயந்திரம்; கையால் மாற்றும் ஆறு கியர்கள். சமவெளியில் நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தாண்டியதும், பின்னின்று எவரோ தள்ளிவிட்டாற்போலப் பாய்ந்தது. எமக்கும் சற்றே கர்வம் ஏறிற்று.

மலைப்பாதையிற் கொண்டையூசி வளைவுகள் 70. அவற்றுளொன்றில் மூன்றாம் கியரிலேயே திரும்பினோம். எதிரே பஸ்வண்டி. எமது வண்டியோ திணறி நின்றுவிடப் பார்த்தது. பின்னாசனத்துப் பிள்ளைகளின் பேச்சு அடங்கிற்று. "இரண்டாவது கியர், சார்!" என்றார் நண்பர். மாற்றினோம், ஏறியது.

குற்றம் வண்டியினதன்று, எம்முடையதே. வெளியேறும் புகை டேர்போவின் சக்கரத்தைச் சுழற்ற, அது காற்றை அமுக்கி இயந்திரத்துக்கு ஊட்டுகிறது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905 இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது. சுற்றுக் குறைந்தாற் புகை குறையும். புகை குறைந்தால் வலுவும் குறையும். ஆதலின், வளைவு கண்ணிற் படும்போதே கியரை மாற்றிவிடல் வேண்டும். உள்ளே புகுந்தபின் தேடுதல் ஆகாது.

பரீட்சைக்கு முதல்நாள் புத்தகந் திறக்கும் மாணவருக்கும் இதனைச் சொல்லி வைக்கிறோம்.