கப்பல் எப்ப சார் கிளம்பும்?

தலைப்பைப் பார்த்து டூர் பதிவு என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது உல்லாசக் கப்பல் பற்றிய பதிவுதான். ஆனால் பஃபேயும் நீச்சல் குளமும் இதில் வராது. நம்ம ஆட்கள் சிலர் குடும்பத்தோடு மும்பையிலிருந்து கோவாவுக்குக் கப்பலில் போய்வந்து போட்டோ போட்டிருந்தார்கள். கீழே ஒருவர், "கொரோனா காலத்தில் ஒன்றரை வருஷம் கப்பலே ஓடாமல் போச்சே, எவ்வளவு கஷ்டம்" என்று எழுதியிருந்தார். கஷ்டம்தான். யாருக்கு எவ்வளவு என்பதில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. காமர்ஸ் படித்தவன் கையில் கணக்கு கிடைத்தால் சும்மா இருப்பானா?

2019லிருந்து நாலு வருஷம் கோவாவில், மட்காவ் பக்கம் ஒரு கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக் கிராமங்களைத் தெரியாதவர்களுக்கு: வீட்டுக்கு ஒரு கப்பல்காரர் என்றால் மிகை, தெருவுக்கு நாலு பேர் என்றால் குறைவு. கொங்கணியில் 'தார்வொட்டி' என்பார்கள். அதில் பெரும்பகுதி இப்போது சரக்குக் கப்பல் இல்லை, பயணிகள் கப்பல். சமையல், பரிமாறல், அறை சுத்தம், பார் கவுண்ட்டர். ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை கான்ட்ராக்ட், பிறகு இரண்டு மாதம் வீட்டில் சம்பளமில்லாமல், பிறகு அடுத்த கடிதம் வந்ததும் விமானம். வீட்டுக் கடன் தவணையை இந்தத் தாளத்துக்கு ஏற்ற மாதிரிதான் அவர்கள் கட்டுவார்கள். கப்பலில் இருக்கும்போதே இரண்டு மாதத் தவணையைக் கணக்கில் சேர்த்து வைத்துவிட்டு வந்து இறங்குவார்கள். மாதச் சம்பளக்காரனைவிட நாணயமானவர்கள்.

2020 மார்ச் 13 அன்று கப்பல் கம்பெனிகளின் சங்கம் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பயணங்களைத் தாங்களாகவே நிறுத்துவதாக அறிவித்தது. மறுநாள் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சி.டி.சி., தடை உத்தரவு போட்டது. (எங்கள் தார்வொட்டிக்கு சி.டி.சி. என்றால் அவர் கையில் இருக்கும் கடற்பணிச் சான்றுப் புத்தகம். அந்த வருஷம் ஒரு சி.டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு சி.டி.சி.யின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.) முதலில் சொன்னது 30 நாள். ஏப்ரலில் அதை 100 நாள் நீட்டினார்கள். ஜூலையில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். செப்டம்பர் 30 அன்று அக்டோபர் 31 வரை என்றார்கள். அக்டோபர் 30 அன்று தடையை எடுத்துவிட்டு 'நிபந்தனையுடன் பயணம்' என்று புது உத்தரவு. சோதனைக்கூடம் வை, ஒத்திகைப் பயணம் நடத்து, பிறகு சான்றிதழ் வாங்கு என்று படிப்படியாக ஏணி. கடைசியில் காசு கொடுத்த பயணிகளோடு ஒரு பெரிய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது 2021 ஜூன் 26. செலிபிரிட்டி எட்ஜ், ஃபுளோரிடாவின் போர்ட் லாடர்டேலிலிருந்து. 30 நாள் என்று ஆரம்பித்தது 15 மாதம் ஆனது.

தடை போட்டதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர், அதில் 712 பேருக்குத் தொற்று. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, ஊழியர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகப் போனார்கள். பிறகு பகிர்ந்து படுக்கும் சின்ன அறைக்குத் திரும்பினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மார்ச்சில் சிட்னியில் ரூபி பிரின்சஸிலிருந்து சுமார் 2,700 பயணிகளை அப்படியே இறக்கிவிட்டதில் 28 சாவு. இதற்குப் பிறகும் ஓடட்டும் என்று எவன் சொல்வான்?

என் வருத்தம் வேறு. தடை இருந்தது, சரி. அதைத் துண்டு துண்டாக நீட்டியதும், நடுவில் கம்பெனிகள் தாங்களாகத் தேதி சொல்லிக்கொண்டே இருந்ததும்தான் பிரச்சினை.

கார்னிவல் கம்பெனி 2020 மே 4 அன்று, ஆகஸ்ட் 1 முதல் எட்டுக் கப்பல் ஓடும் என்றது. தேதி கிடைத்ததும் புக்கிங் பிய்த்துக்கொண்டு போனது. ஜூன் 22 அன்று, செப்டம்பர் 30 வரை இல்லை என்றது. கம்பெனிகளின் சங்கமும் செப்டம்பர் 15, அக்டோபர் 31, டிசம்பர் 31 என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனது. யாருக்கும் எதுவும் தெரியாத காலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாங்க்காரன் கண்ணுக்கு இதில் இன்னொன்றும் தெரியும். தேதி சொன்னால் புக்கிங் வரும். புக்கிங் வந்தால் அட்வான்ஸ் வரும். அட்வான்ஸ் என்பது வட்டியில்லாக் கடன். பயணம் ரத்தானால், பணமாகக் கேட்டால் 100 சதவீதம், அடுத்த பயணத்துக்கு வரவாக வைத்துக்கொண்டால் 125 சதவீதம் என்று பல கம்பெனிகள் ஆசை காட்டின. கையில் இருக்கும் ரொக்கம் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று அந்த 25 சதவீதமே சொல்லிவிடும்.

முதலீட்டாளர் கதையைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் அதே கார்னிவல் கப்பல்களை ஈடு காட்டி 400 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. வட்டி 11.5 சதவீதம். அமெரிக்காவில், அந்த வருஷத்தில், 11.5! நிச்சயமின்மைக்கு உலகம் போட்ட விலை அது. மாதம் சுமார் 65 கோடி டாலர் கரையும் என்று கம்பெனியே சொல்லிக்கொண்டிருந்த நேரம். கடன் கொடுத்தவன் சும்மா கொடுப்பானா?

ஆக, கப்பல் எப்போது கிளம்பும் என்று தெரியாமல் காத்திருந்ததற்கு முதலீட்டாளருக்கு 11.5. பயணிக்கு 125. ஊழியருக்கு? பெரும்பாலானவர்களுக்குக் கடைசி மாதக் கணக்கு முடித்து ஒரு விமான டிக்கெட். அதுவும் சீக்கிரம் கிடைக்கவில்லை. இந்தியா கதவைச் சாத்திவிட்டதால் சொந்த ஊர்க் கடலிலேயே நின்றவர்கள் உண்டு. உள்துறை அமைச்சகம் விதிமுறை போட்ட பிறகு ஏப்ரல் 23 அன்றுதான் மும்பைத் துறைமுகத்தில் மரெல்லா டிஸ்கவரியிலிருந்து சுமார் 145 இந்திய ஊழியர்கள் இறங்க முடிந்தது. இங்கிலாந்தில் டில்பரி துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் ஜூன் வரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கப்பல்களின் கம்பெனி ஜூலையில் திவாலானது.

இந்தியக் கம்பெனி கதை இன்னும் சோகம். 2019 ஏப்ரலில் 'கர்ணிகா' மும்பையிலிருந்து ஓட ஆரம்பித்தபோது, இனி நம் பிள்ளைகள் மியாமி வரை போகவேண்டாம் என்று எங்கள் கிளையிலேயே பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. பாக்கிகள் மும்பை உயர்நீதிமன்றம் வரை போய், கப்பல் ஏலத்தில் விற்று, 2020 நவம்பரில் அலங்கில் உடைக்கப் போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம். நம் நாட்டின் 2017 அட்மிரால்டி சட்டப்படி, கப்பலை விற்று வரும் பணத்தில் மாலுமியின் சம்பள பாக்கிக்கு உரிமை அடமானம் வாங்கிய பாங்க்கிற்கு முன்னால் வருகிறது. பாங்க்காரனாக இருந்தும் சொல்கிறேன், அருமையான சட்டம். ஆனால் அது பார்த்த வேலைக்கு. கரையில் உட்கார்ந்து அடுத்த கடிதத்துக்காகக் காத்திருந்த மாதங்களுக்கு அந்த வரிசையில் கடைசி இடம்கூட இல்லை.

இனி எங்கள் மேஜைப் பக்கம். ரிசர்வ் வங்கி மார்ச் 1 முதல் மே 31 வரை தவணை ஒத்திவைப்பு தந்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 6 அன்று கடன் மறுசீரமைப்புத் திட்டம் வந்தது, இரண்டு வருஷம் வரை நீட்டலாம், டிசம்பர் 31க்குள் கேட்கவேண்டும். நல்ல திட்டம். ஆனால் மறுசீரமைப்பு என்றால் எதிர்கால வருமானத்தைக் காட்டவேண்டும். "வருமானம் மீண்டும் தொடங்கும் உத்தேச தேதி" என்ற ஒரு கட்டத்தை நிரப்பாமல் கோப்பு மேலே போகாது. கடைக்காரர் தீபாவளி என்பார். டாக்ஸி ஓட்டுபவர் விமான நிலையம் பழைய மாதிரி ஆனதும் என்பார். தார்வொட்டி என்ன சொல்வார்? கம்பெனியின் கடைசி மின்னஞ்சலை போனில் திறந்து காட்டுவார். அதில் ஒரு தேதி இருக்கும். அடுத்த தடவை வரும்போது வேறு மின்னஞ்சல், வேறு தேதி. ஒருவர் கொடுத்த மூன்று தேதிகளும் ஒரே கோப்பில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. "எப்ப சார் கிளம்பும்? பேப்பர் படிக்கிறவர், உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னிடமே கேட்பார்கள்.

இன்னொருவர், பதினாலு வருஷம் கப்பல் சமையலறையில் இருந்தவர், சொன்னது மறக்கவில்லை. "சார், 2021 டிசம்பர்னு சொல்லட்டும், பரவாயில்லை. நான் போய் ஒரு வேலையில உட்கார்ந்துடுவேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னா என்னை எவன் வேலைக்கு வைப்பான்? நானும் எப்படிச் சேருவேன்?" வேறு வேலையில் சேர்ந்து, கடிதம் வரும்போது மறுத்தால், பெயர் பட்டியலில் பின்னால் போய்விடும் என்ற பயம். 30 நாள், 30 நாளாக நீட்டுவதன் நிஜமான விலை இதுதான். 15 மாதம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த மனிதர் 13 மாதம் சம்பாதித்திருப்பார்.

வருமான வரியையும் பலர் யோசிக்கவில்லை. வருஷத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் என்.ஆர்.ஐ. தகுதி போச்சு. 2019-20க்கு நேரடி வரி வாரியம் சலுகை தந்தது. 2020-21க்கு அந்த மாதிரிப் பொதுச் சலுகை வரவில்லை. வீட்டில் முடங்கியிருந்த வருஷத்தில் சம்பளமும் இல்லை, அந்தஸ்தும் இல்லை.

கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகாவது நிம்மதி வந்ததா என்றால், அடுத்து தடுப்பூசி. ஊழியர்களில் 98 சதவீதம் ஊசி போட்டிருந்தால் ஒத்திகைப் பயணம் வேண்டாம் என்ற விதி. இங்கே கோவிஷீல்டு இரண்டு டோசுக்கு இடையே 84 நாள். வேலைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு 28 நாள் போதும் என்ற உத்தரவு வர 2021 ஜூன் ஆனது. கோவாக்சின் போட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் வந்தது நவம்பர் 3. ஆளுக்கொரு ஊசி, ஊசிக்கொரு தேதி.

"கம்பெனியே மூழ்கும்போது ஊழியருக்கு எங்கிருந்து கொடுப்பது?" என்று என் சக அதிகாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. புல்மாந்தூர் போனது, கர்ணிகா போனது, 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங்கும் போனது. அதன் கிரிஸ்டல் சிம்பனி கப்பல், எண்ணெய் பாக்கிக்காக மியாமியில் ஜப்தி காத்திருக்கிறது என்று தெரிந்து பயணிகளோடு பஹாமாஸ் பக்கம் திரும்பியதே, அந்தக் கூத்து வேறு. மூழ்குகிறவனிடம் கேட்க முடியாது. மிதந்தவர்களிடம் கேட்கலாமே? 400 கோடி டாலருக்கு 11.5 சதவீதம் என்றால் வருஷ வட்டி 46 கோடி. ஒரு லட்சம் ஊழியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு மாதம் 200 டாலர் காத்திருப்புப் படி கொடுத்தால் வருஷத்துக்கு 24 கோடி. அந்த ஒரு பத்திரத்தின் வட்டியில் பாதிதான். 200 டாலர் அன்றைய கணக்கில் சுமார் 15,000 ரூபாய். 15 லட்சம் கடனுக்கு 15 வருஷத் தவணை எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே தொகை.

பயணிகள் விஷயத்தில் கொஞ்சம் பாடம் படித்தார்கள். அமெரிக்காவின் கடல்சார் ஆணையம் 2022ல் விதி கொண்டுவந்தது: பயணம் ரத்தானாலோ மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ, கேட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஊழியர் பக்கம்? கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை 2022ல் திருத்தினார்கள், 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. நல்ல குடிநீர், உடம்புக்குச் சரியான அளவில் பாதுகாப்புக் கவசம், இணைய வசதி எல்லாம் உண்டு. வேண்டியவைதான். கரையில் காத்திருக்கும் நாளுக்குச் சம்பளம் என்பது அதில் இல்லை.

2019ல் உலகம் முழுக்க கப்பலில் போனவர்கள் 2.97 கோடி. 2023ல் 3.17 கோடி. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அந்த கான்ட்ராக்ட் உட்பட. நம் வீடுகளிலும் கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போகப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். போகட்டும், நல்ல சம்பளம். கடன் வாங்குமுன் ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், இரண்டு மாதம் போதாது. பாஸ்போர்ட்டில் விழும் ஒவ்வொரு முத்திரைத் தேதியையும் ஏப்ரல் 1லிருந்து எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கம்பெனி மின்னஞ்சலில் தேதி வந்தால், அது வேலையில் சேரச் சொல்லும் கடிதமா, வெறும் அறிவிப்பா என்று பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள்.